ஏ.ஆர். கண்ணாடியில் கோஸ்ட், பட்டை, நிறமாற்றம்: கோட்டிங்கைத் திட்டுவதற்கு முன்

ஏ.ஆர். கண்ணாடி என்றால் எதிரே உள்ள காட்சியின்மேல் கணினிப் படத்தையும் சேர்த்துக் காட்டும் மூக்குக்கண்ணாடி. புரொஜெக்டரின் படத்தைக் கண்முன் கொண்டுவரும் தகடான வேவ்கைடை ஒட்டி முடித்து, புரொஜெக்டரை மாட்டி, முதல்முறை கண்ணருகே கொண்டுபோகிறோம். படம் சுத்தமாக வந்துவிட்டால் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தோம் என்று யோசிக்கலாம். பெரும்பாலும் ஏதாவது ஒன்று இருக்கும். எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான எழுத்து (இதைத்தான் கோஸ்ட் என்கிறோம்), நடுவில் கறுப்புப் பட்டை, இடது ஓரம் மட்டும் மஞ்சள். மேசையைச் சுற்றி நிற்பவர்கள் உடனே சொல்வது ஒன்றுதான்: "கோட்டிங் சரியில்லை." நானும் பல வருடம் அதையே சொன்னவன்தான். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பூச்சை ஒளி எந்தக் கோணத்தில், எந்தப் பொருளுக்குள் இருந்து வந்து தொடுகிறது? பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கே பேசப்போவது ஆடி வரிசை கொண்ட வேவ்கைடு பற்றி. மெல்லிய கண்ணாடித் தகட்டுக்குள் சாய்வாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்த பகுதி எதிரொளிப்பு ஆடிகள். இஸ்ரேலின் லூமஸ் நிறுவனம் வளர்த்தெடுத்த வகை இது. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸில் இருப்பது, நுண்ணிய வரிகளால் ஒளியைத் திருப்பும் விளிம்பு விளைவு கிரேட்டிங் வகை. அதன் நோயும் வேறு, மருந்தும் வேறு.

கணக்குக்கு ஒரு மாதிரியை வைத்துக்கொள்வோம். பி.கே.7 கண்ணாடி, ஒளிவிலகல் எண் 1.517. காற்றோடு மாறுநிலைக் கோணம் 41.2 டிகிரி; இதைவிடச் சாய்வாகப் படும் ஒளி வெளியேறாமல் முழுதும் உள்ளேயே திரும்பும், அதுதான் முழு அக எதிரொளிப்பு. ஆடிகள் தகட்டின் முகத்தோடு 25 டிகிரி சாய்வு. படத்தின் நடுப்புள்ளிக்குரிய ஒளி, தகட்டுக்குள் 50 டிகிரி படுகோணத்தில் முழு அக எதிரொளிப்பு அடைந்தபடி முன்னேறும். ஒரு முகத்தில் பட்டுத் திரும்பி வரும்போது ஆடியை 25 டிகிரியில் தொடும். அப்போது அதில் ஒரு பங்கு கண்ணுக்குத் திரும்ப வேண்டும். எதிர் முகத்தில் பட்டு வரும்போது அதே ஆடியை 75 டிகிரியில் உரசிக்கொண்டு போகும்; அப்போது எதுவுமே எதிரொளிக்கக் கூடாது. ஒரே பூச்சு ஒரு கோணத்துக்கு ஆடி, இன்னொரு கோணத்துக்கு ஜன்னல். இந்த இரட்டை வேலை புரிந்தால் கீழே வரும் பல கோளாறுகள் தானாகப் புரியும்.

தொடங்கும் முன் கேமரா பற்றி ஒரு வார்த்தை. செல்போனைக் கையில் பிடித்து எடுத்த படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் இரண்டையும் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் மஞ்சள் ஓரத்தைக் கேமராவே வெள்ளையாக்கிக் காட்டும். லென்ஸுக்கு முன்னால் 3 மில்லிமீட்டர் துளை போட்ட கறுப்பு அட்டையை வையுங்கள். வெளிச்சத்தில் நம் கண் பாவை ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அதைவிடப் பெரிய திறப்பு கோளாறை மறைக்கும், சிறியது இல்லாததைப் பெரிதாக்கும்.

கோஸ்ட் தெரிகிறது: படத்துக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு படம்

கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு வெள்ளைச் சிலுவையைக் காட்டுங்கள். கோஸ்ட் எங்கே விழுகிறது, எவ்வளவு மங்கல் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பஞ்சு சுற்றிய குச்சியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, படத்தைப் பார்த்துக்கொண்டே தகட்டின் முகத்தில் அங்கங்கே தொட்டு வாருங்கள். ஆல்கஹாலின் ஒளிவிலகல் எண் 1.38 அளவு. அது தொடும் இடத்தில் மாறுநிலைக் கோணம் 65 டிகிரிக்கு ஏறிவிடும். 50 டிகிரியில் ஓடும் ஒளி அந்த இடத்தில் துளிக்குள் கசிந்துபோகும். எந்த இடத்தைத் தொட்டால் சிலுவை அப்படியே இருக்க கோஸ்ட் மட்டும் மறைகிறதோ, அதுதான் கோஸ்ட் நடந்து வரும் பாதை. காசு செலவில்லாத சோதனை. எங்கள் லேபில் லட்சக்கணக்கில் விலை உள்ள கருவிகளைவிட இந்தக் குச்சிக்குத்தான் வேலை அதிகம்.

நீங்கள் பார்க்கும் ஆடியையும் தாண்டி, தகட்டின் கடைசி முனைப்பக்கம் தொடும்போது கோஸ்ட் மறைகிறதா? அப்படியானால் கோட்டிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மிச்ச ஒளி முனை வரை போய், விளிம்பில் மோதித் திரும்பி வருகிறது. விளிம்புக்குக் கறுப்பு மை பூச வேண்டும். கடையில் கிடைக்கும் மார்க்கரைத் தடவினால் பார்க்கக் கறுப்பாக இருக்கும், உள்ளேயிருந்து பளபளக்கும். மையின் பிசின் ஒளிவிலகல் எண்ணில் கண்ணாடிக்கு அருகில் இருந்தால்தான் ஒளி மைக்குள் நுழைந்து சாகும்.

தகட்டின் நடுவில் தொடும்போதுதான் மறைகிறது என்றால் சந்தேகம் 75 டிகிரிப் பக்கம் திரும்புகிறது. அங்கே எதிரொளித்த ஒளி வேறு கோணத்தில் திரிந்து, அடுத்த ஆடியில் பட்டு, தவறான இடத்தில் கண்ணுக்கு வருகிறது. இதிலும் கோட்டிங்குக்கு முன் பசையைச் சந்தேகிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஒளிவிலகல் எண் 1.52 உள்ள கண்ணாடியில் 1.56 உள்ள பசை. நேராக விழும் ஒளிக்கு அந்த எல்லையில் எதிரொளிப்பு 0.02 சதவீதம்கூட வராது, யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதே எல்லையில் 75 டிகிரியில் எஸ்-தளவிளைவு ஒளிக்கு (படும் தளத்துக்குச் செங்குத்தாக அதிரும் ஒளி) அது 2 சதவீதத்தைத் தாண்டும். நூறு மடங்குக்கு மேல். ஐந்து ஆடி என்றால் ஐந்து பசைக்கோடு.

பசையின் எண் குறைந்துபோனால் கதை இன்னும் மோசம். 1.46 பசை என்று வையுங்கள். கண்ணாடியிலிருந்து அதற்குள் போக மாறுநிலைக் கோணம் 73.8 டிகிரி. 75 டிகிரியில் வரும் ஒளி பசைக்கோட்டிலேயே முழு அக எதிரொளிப்பு அடைந்து திரும்பிவிடும். ஜன்னலாக இருக்க வேண்டியது சுவராகிவிட்டது, கோட்டிங் எவ்வளவு அருமையாக இருந்தும் பயனில்லை. நார்லாண்ட் நிறுவனத்தின் பசைகளில் என்.ஓ.ஏ. 61 இறுகிய பிறகு 1.56, என்.ஓ.ஏ. 65 இறுகிய பிறகு 1.524. லென்ஸ் ஒட்டும் வேலைக்கு முதலாவதைப் பழக்கத்தில் எடுத்துவிடுவோம், அங்கே அது நன்றாகவே ஒட்டும். ஆனால் பி.கே.7 வேவ்கைடுக்கு இரண்டாவதுதான் கிட்டே வருகிறது. இறுகுவதற்கு முன் உள்ள எண்ணைத் தகவல் தாளில் பார்த்து ஏமாறுவதும் வழக்கம். இறுகியபின் என்ன என்றுதான் பார்க்க வேண்டும்.

பசையும் சரி, விளிம்பும் சரி என்றால்தான் கோட்டிங். விட்னஸ் கண்ணாடியின், அதாவது அளப்பதற்கென்றே கூடவே பூசிய துண்டின், அளவுத்தாளை எடுங்கள். 75 டிகிரியில், கண்ணாடிக்குள் இருந்து அளந்த வளைகோடு (எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு எதிரொளிப்பு என்பது) அதில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. காற்றில் நேராக விழும் ஒளிக்கு, மிஞ்சிப்போனால் 45 டிகிரிக்கு அளந்திருப்பார்கள். நம் பூச்சு காற்றைப் பார்க்கப்போவதே இல்லை. விட்னஸ் துண்டை இரண்டு பிரிசங்களுக்கு நடுவில் அதே பசையால் ஒட்டி, நமக்கு வேண்டிய கோணத்தில் ஒளி விடுங்கள். 25 டிகிரிக்கு ஒரு ஜோடி பிரிசம், 75 டிகிரிக்கு ஒரு ஜோடி. அந்த நான்கு பிரிசங்களை வாங்கித் தர மேலதிகாரிக்கு மனசு வருவதற்குள் இரண்டு தொகுதி வேவ்கைடு குப்பைக்குப் போயிருக்கும்.

ஒரு பக்கம் பிரகாசம், மறுபக்கம் மங்கல்

ஐந்து ஆடிகள், ஒவ்வொன்றும் தொடக்க ஒளியில் 10 சதவீதத்தைக் கண்ணுக்குத் தர வேண்டும். முதல் ஆடிக்கு 10 சதவீத எதிரொளிப்பு போதும். இரண்டாவதுக்கு வந்து சேர்வது 90 பங்குதான். அதில் 10 வேண்டுமென்றால் 11.1 சதவீதம். இப்படியே 12.5, 14.3, 16.7. ஆக, ஐந்தும் ஐந்து விதமான பூச்சு. ஒட்டியபின் கண்ணால் பார்த்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

கண் பாவை இருக்க வேண்டிய இடத்தில் கேமராவை வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்தி, ஒவ்வொரு ஆடியிலிருந்தும் வரும் பிரகாசத்தை எழுதுங்கள். 10, 9, 8.1, 7.3, 6.6 என்ற விகிதத்தில் சீராக இறங்கினால் எல்லா ஆடிக்கும் ஒரே பூச்சு போயிருக்கிறது. கோட்டிங் சேம்பரில் தகடுகளை ஒரே ஓட்டத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். 16.7, 11.9, 8.9, 6.9, 5.6 என்று ஏறத்தாழ மூன்று மடங்கு சரிந்தால் பூச்சில் குற்றமில்லை. அடுக்கியவர் தலைகீழாக அடுக்கியிருக்கிறார்.

இரண்டாவது நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெளியே கோட்டிங் போட்டு வந்த தகடுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் 1 முதல் 5 வரை எண். ஒட்டும் முன் சுத்தம் செய்த பையன் எண்ணையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டான். அழுக்கு என்று நினைத்தானாம். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்குப் பிறகு ஒரு மூலையில் வெட்டுத்தடம் வைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டோம், எத்தனை தடம் இருக்கிறதோ அத்தனையாவது ஆடி.

சரிவு சீராக இல்லாமல் மூன்றாவது ஆடி மட்டும் தாழ்ந்து நான்காவது மறுபடி ஏறுகிறதா? அந்த ஒரு தகட்டில்தான் கோளாறு. மூன்றிலிருந்து கடைசி வரை எல்லாமே சேர்ந்து இறங்கினால், மூன்றாவதுக்கு முன்னால் எங்கோ ஒளி உறிஞ்சப்படுகிறது அல்லது சிதறுகிறது. டைட்டானியம் டை ஆக்சைடு படியும்போது ஆக்சிஜன் போதாமல் போனால் படலம் லேசாகப் பழுப்படிக்கும். வெள்ளைத்தாள் மேல் தகட்டை வைத்துப் பார்த்தால் பழக்கப்பட்ட கண்ணுக்குத் தெரியும். ஒட்டுவதற்கு முன் கண்டுபிடித்தால் காற்றில் 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கி ஓரளவு மீட்கலாம். ஒட்டியபின் பசை அந்தச் சூட்டைத் தாங்காது.

படத்தின் ஓரம் நிறம் மாறுகிறது

படத்தின் நடுவில் வெள்ளை, ஒரு ஓரம் மஞ்சள், மறு ஓரம் நீலம். பல அடுக்குப் பூச்சுக்கு இது பிறவிக் குணம்: கோணம் கூடக்கூட அதன் வளைகோடு குறைந்த அலைநீளப் பக்கம் நகரும். எவ்வளவு நகரும் என்பதில்தான் ஏமாற்றம். காற்றிலிருந்து 25 டிகிரியில் விழும் ஒளிக்கு, சிலிக்கா அடுக்கின் ஒளித்தடிமன் 4 சதவீதம் குறைந்ததுபோல் நடந்துகொள்ளும். கண்ணாடிக்குள் இருந்து அதே 25 டிகிரியில் விழுந்தால் 10 சதவீதம். டைட்டானியம் அடுக்குக்கு இது முறையே 1.6, 3.8. ஆகவே காற்றில் அளந்த வளைகோட்டை வைத்து "550 நானோமீட்டரில் சரியாக இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டால், கண்ணாடிக்குள் ஒட்டியதும் அது எங்கேயோ போய் நிற்கும்.

கண்டறிவது எளிது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டிப் பிரகாசப் பரவலைப் பாருங்கள். மூன்றும் ஒரே மாதிரி சரிந்தால் நிறக்கோளாறு இல்லை, அது மேலே சொன்ன மங்கல் வகை. சிவப்பு ஒரு பக்கமும் நீலம் மறுபக்கமும் சரிந்தால் பூச்சின் வளைகோடு நகர்ந்திருக்கிறது.

நகர்ந்ததற்கு வடிவமைப்பு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. எலக்ட்ரான் கற்றையால் ஆவியாக்கிப் படியவைத்த பூச்சில் நுண்துளைகள் இருக்கும். சேம்பரைத் திறந்ததும் அதற்குள் காற்றின் ஈரம் ஏறும், ஒளிவிலகல் எண் கூடும், வளைகோடு நீண்ட அலைநீளப் பக்கம் சாயும். காலையில் அளந்ததும் மழைநாளில் அளந்ததும் ஒத்துப்போகாமல் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும். அயனி உதவியோடு படியவைத்ததும் அயனிக்கற்றை ஸ்பட்டரிங்கும் அடர்த்தியான படலம் தரும், இந்தத் தொல்லை பெரிதும் குறையும். விலை கூடும்.

தலையைத் திருப்பாமலே பிரகாசமும் நிறமும் மாறுகிறது, புரொஜெக்டரை மாற்றினால் வேறு மாதிரி தெரிகிறது

புரொஜெக்டருக்குள் படத்தை உருவாக்கும் சிறு திரையில் பல வகை. எல்காஸ் வகை மைக்ரோ டிஸ்பிளேயிலிருந்து வருவது தளவிளைவு பெற்ற ஒளி, அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளி. மைக்ரோ ஓலெட், டி.எல்.பி. இரண்டிலிருந்தும் வருவது பொதுவாக அப்படி இல்லை. எஸ்-தளவிளைவுக்கு வடிவமைத்த ஆடியில் அதற்குக் குறுக்காக அதிரும் பி வந்தால் எதிரொளிப்பு வெகுவாகக் குறையும். தளவிளைவு பெறாத ஒளி தரும் புரொஜெக்டரை மாட்டி, அதன் முன் ஒரு போலராய்டு துண்டை வைத்துச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் படம் பளிச்சென்றும், 90 டிகிரி திருப்பினால் மங்கலாகவும் வந்தால் ஆடி தன் வேலையைச் செய்கிறது. எல்காஸில் மட்டும் மங்கல் என்றால், தளவிளைவின் திசையைத் திருப்பும் அரைஅலைத் தகட்டைத் தவறாகத் திருப்பி வைத்தவர் யார் என்று தேடுங்கள். ஒரு போலராய்டுக்கு முன்னால் வேவ்கைடை வைத்து, அதற்கு முன்னால் இன்னொரு போலராய்டைக் குறுக்காகப் பிடித்துப் பார்த்தால் நிறப்பட்டைகள் தெரிகிறதா? பசை இறுகும்போது கண்ணாடியில் தகைவு (உள் இறுக்கம்) விழுந்திருக்கிறது. புற ஊதா விளக்கை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் போடாமல், குறைந்த ஒளியில் முதலில் பிடிக்கவைத்து, அப்புறம் இறுகவைப்பது நல்லது.

செங்குத்தாகக் கறுப்புப் பட்டைகள்

கேமராவை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் மெதுவாக நகர்த்துங்கள். பட்டை கூடவே நகர்ந்தால், அகலம் மாறினால், அது வடிவியல்: ஒரு ஆடி முடியும் இடத்துக்கும் அடுத்தது தொடங்கும் இடத்துக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் பட்டை கறுப்பாக இல்லாமல் வெளிச்சமாக இருக்கும். தகட்டைத் தேய்த்தபோது தடிமன் தவறியதுதான் வழக்கமான காரணம். பட்டை நகராமல் நிறத்தோடு நின்றால் பூச்சின் ஓரம். சேம்பரில் தகட்டைப் பிடித்த கிளிப்பின் நிழல் அப்படி விழும்.

ஓரம் வெட்டுப்பட்டது போல் இருந்தால் இந்த வகையில் சேர்க்காதீர்கள். நம் மாதிரியில் நடுக்கதிர் 50 டிகிரி, மாறுநிலை 41.2. நடுவே 8.8 டிகிரிதான் இடம். அந்த எல்லையைத் தாண்டும் ஓரத்துப் புள்ளிகள் தகட்டுக்குள் தங்காமல் வெளியே போய்விடும். இதற்குப் பூச்சில் மருந்து கிடையாது. ஒளிவிலகல் எண் கூடிய கண்ணாடிக்குப் போக வேண்டும்.

எழுத்து இரண்டாகத் தெரிகிறது, கூர்மை இல்லை

கோஸ்ட் தள்ளி விழும். இது ஒட்டியே விழும், நெருக்கமான இரட்டைக் கோடு. தகட்டின் இரு முகங்களும் இணையாக இல்லை. 5 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) தவறு என்பது கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் கதிரின் திசை அதைப்போல் இரண்டு மடங்கு திரும்பும். பத்துச் சுற்றில் 100 ஆர்க் செகண்ட், கண்ணாடியை விட்டு வெளியே வரும்போது 150. கண்ணின் கூர்மை ஏறத்தாழ 60. முதல் ஆடியில் வந்த எழுத்தும் ஐந்தாவதில் வந்த எழுத்தும் இரண்டாகப் பிரிந்து தெரிய இது போதும்.

கோட்டிங்குக்கு இதில் மறைமுகமாகப் பங்கு உண்டு. மெல்லிய தகட்டில் ஒருபக்கம் மட்டும் தடித்த பூச்சு போட்டால் அதன் தகைவு தகட்டை அப்பளம்போல் வளைக்கும். வளைந்ததை அழுத்தி ஒட்டினால் பசையின் தடிமன் நடுவில் ஒன்று, ஓரத்தில் ஒன்று, ஆடிகள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காது. ஒட்டுவதற்கு முன் சமதளக் கண்ணாடிமேல் வைத்து, ஒற்றை நிற விளக்கில் குறுக்கீட்டு வளையங்களை எண்ணுங்கள். பூசுவதற்கு முன் எண்ணியதைவிடக் கூடியிருந்தால் மறுபக்கத்தில் ஈடுகட்டும் பூச்சு கேளுங்கள்.

கறுப்பு கறுப்பாக இல்லை, எங்கும் பால்போல் ஒரு மூட்டம்

முதலில் துடையுங்கள். கிண்டல் இல்லை. தகட்டின் வெளிமுகம்தான் ஒளி மோதித் திரும்பும் இடம். அங்கே விரல் ரேகை இருந்தால் ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் சிதறும். துடைத்தும் போகவில்லை என்றால் பாலிஷில் மிச்சமிருக்கும் கீறல்.

எங்கள் லேபில் ஏ.ஆர். என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று நாம் செய்யும் கண்ணாடி, இன்னொன்று அதன்மேல் போடும் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு. "ஏ.ஆர்.க்கு ஏ.ஆர். போட்டாச்சா?" என்று கேட்பது தினசரி வசனம். அந்தப் பூச்சு முழு அக எதிரொளிப்பைக் கெடுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கெடுக்காது. அடுக்குகள் இணையாக இருக்கும்வரை, கடைசியில் வெளியே காற்று இருக்கிறதா என்பதுதான் கணக்கு. ஆனால் படலம் ஒளியை உறிஞ்சினாலோ சிதறடித்தாலோ ஒவ்வொரு மோதலுக்கும் வட்டி ஏறும். ஒருமுறை கடந்துபோகும் லென்ஸில் கண்ணுக்கே தெரியாத இழப்பு இங்கே பத்து, இருபது முறை பெருகும். இரு முகத்திலும் போட்டபிறகு மட்டும் மூட்டம் வந்திருந்தால், பூசாத தகட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடியை நேரடியாக வேவ்கைடு மேல் ஒட்டியிருந்தால் அது வேறு விஷயம். ஒட்டிய இடத்தில் காற்றே இல்லை, ஒளி அதற்குள் ஏறிவிடும். ஓரத்தில் மட்டும் ஒட்டி நடுவில் காற்று இடைவெளி விட வேண்டும்.

உள்ளே வானவில் வளையம், அல்லது இலை வடிவத் திட்டு

பசை விட்டுவிட்டது, அவ்வளவுதான். பெரும்பாலும் மூலையில் தொடங்கி உள்ளே வளரும். ஒட்டும் முன் பூச்சின் மேல் எண்ணெய் இருந்ததா, பூச்சே கண்ணாடியை விட்டு வந்ததா என்று தெரிய, அதே தொகுதி விட்னஸ் துண்டில் டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். டேப்போடு படலம் வந்தால் கோட்டிங் போட்டவரிடம் பேசலாம். வராவிட்டால் உங்கள் சுத்தம் செய்யும் மேசையிலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ஒளி நுழையும் முனையில் கறுப்புப் புள்ளிகள், படம் முழுக்க நாளுக்கு நாள் மங்கல்

உள்நுழைவு ஆடி வெள்ளிப்பூச்சாக இருந்தால் மட்டும் இதைப் படியுங்கள். வெள்ளி அலுமினியத்தைவிட அதிகமாக எதிரொளிக்கும், ஆனால் கண்ணாடியில் நன்றாக ஒட்டாது, கந்தகம் பட்டால் கறுக்கும். உருப்பெருக்கியில் பாருங்கள். புள்ளிகள் நடுவில் அங்கங்கே இருந்தால் பாதுகாப்பு அடுக்கில் ஊசித்துளை. விளிம்பிலிருந்து உள்ளே ஊர்ந்து வந்திருந்தால், வெட்டியபின் விளிம்பை மூடாமல் விட்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரு பெட்டியில் இருந்தவை மட்டும் கறுத்தன, பக்கத்துப் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. ஒரே தொகுதி, ஒரே நாள் பூசியவை. இரண்டு வாரம் சேம்பர் பதிவுகளையெல்லாம் புரட்டினோம். கடைசியில் பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அதில் மட்டும் மூடி கழன்றுவிடக் கூடாது என்று யாரோ உள்தட்டைச் சுற்றி இரண்டு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். ரப்பரில் கந்தகம் இருக்கிறது. ரப்பர் பேண்ட் ஓடிய கோட்டுக்கு எவ்வளவு பக்கமோ, அவ்வளவு கறுப்பு.